முதல் உயிர் எப்படிப் பிறந்தது?
விடை தேடிய விஞ்ஞானி ஹால்டேனின் அதிசய வாழ்க்கை

கல்லுக்கு உயிர் இல்லை. தண்ணீருக்கு உயிர் இல்லை. காற்றுக்கும் உயிர் இல்லை.

ஆனால் இவை மட்டுமே இருந்த பூமியில் ஒரு காலத்தில் உயிர் தோன்றியது! புல், புழு, மீன், யானை, மனிதன் எல்லாம் அந்த முதல் உயிரின் வாரிசுகளே.

அந்த முதல் உயிர் எங்கிருந்து வந்தது? அதற்குத் தாய் யார்? தந்தை யார்?

இந்தக் கேள்விக்கு ரசாயனத்தின் வழியில் விடை சொன்னவர்களில் ஒருவர், இங்கிலாந்தில் பிறந்து இந்தியப் பிரஜையாக இறந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். மரக்கறி உணவு உண்டார். இறந்த பிறகு தம் உடலையும் ஆந்திர நாட்டு மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார்.

அவர் பெயர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

சுரங்கத்தில் விழுந்த சிறுவன்

1892-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் ஹால்டேன் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேனும் பெரிய விஞ்ஞானி. மனிதன் மூச்சு விடுவதைப் பற்றி ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறப்பதைத் தடுக்கப் பாடுபட்டவர்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. விஷவாயுவின் தன்மையைத் தெரிந்துகொள்ள, முதலில் தாமே அதைச் சுவாசித்துப் பார்ப்பார். அந்த வழக்கம் மகனையும் தொற்றிக்கொண்டது.

ஒரு நாள் மகனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் தொடங்கினான். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது. கால்கள் துவண்டன. தரையில் விழுந்தான்.

விழுந்தவனுக்கு மூச்சு திரும்பியது! காரணம் என்ன? சுரங்கத்தில் உண்டாகும் மீத்தேன் வாயு காற்றைவிட லேசானது. அது மேலே கூரையை ஒட்டித் தங்கும். தரையருகே நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தைச் சிறுவன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

விஞ்ஞானப் பட்டம் இல்லாத விஞ்ஞானி

ஹால்டேன் ஈட்டன் பள்ளியில் படித்தார். பிறகு ஆக்ஸ்போர்டில் கணிதமும், கிரேக்க, லத்தீன் இலக்கியமும் பயின்று முதல் வகுப்பில் தேறினார். விஞ்ஞானத்தில் அவர் பட்டமே வாங்கவில்லை!

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஹால்டேன் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்ஸ் போர்முனைக்குச் சென்றார். 1915-ல் ஜெர்மானியர் குளோரின் என்ற விஷவாயுவை ஏவினார்கள். அதைத் தடுக்கும் முகமூடியைச் சோதிக்கும் வேலை தந்தையிடம் வந்தது. தந்தையும் மகனும் விஷவாயு நிரம்பிய அறைக்குள் மாறி மாறி நுழைந்தார்கள். முகமூடி அணிந்தும், அணியாமலும் சோதித்தார்கள்.

பின்னர் மெசபொடோமியாவில் ஹால்டேன் காயம் அடைந்தார். சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்போதே இந்த நாடு அவருக்குப் பிடித்துவிட்டது. மீண்டும் வர வேண்டும் என்று மனதில் எண்ணிக்கொண்டார். அந்த எண்ணம் நிறைவேற நாற்பது ஆண்டுகள் ஆயின.

நவச்சாரம் குடித்தார்

யுத்தம் முடிந்தபின் ஹால்டேன் ஆராய்ச்சியில் இறங்கினார். 1923-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உயிர் ரசாயனம் கற்பிக்கும் பதவி கிடைத்தது.

ரத்தத்தில் புளிப்புத் தன்மை கூடினால் உடலில் என்ன நடக்கும் என்று அறிய விரும்பினார். வேறு யாரையும் அவர் தேடவில்லை. நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தாமே குடித்தார். பல நாட்கள் மூச்சு வாங்கித் தவித்தார். ஆனால் அந்த ஆராய்ச்சி வீண் போகவில்லை. ஒரு வகை இழுப்பு நோயால் துடித்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்ய அது உதவிற்று.

கேம்பிரிட்ஜில் அவர் முக்கியமாக ஆராய்ந்தது என்சைம்களை. என்சைம் என்பது நம் உடலில் ரசாயன வேலைகளை விரைவாக நடத்தும் பொருள். நாம் உண்ட சோறு சர்க்கரையாக மாறுவது என்சைமால்தான். இந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை 1925-ல் பிரிக்ஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து ஹால்டேன் காட்டினார்.

உயிருக்குள் நடப்பது மாயம் அல்ல, ரசாயனம். இது அவருக்குத் தெளிவாகிவிட்டது. அப்படியானால் உயிரின் தொடக்கமும் ரசாயனமாகத்தானே இருக்க வேண்டும்?

பாஸ்டர் மூடிய கதவு

இங்கே பழைய கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில், உயிரற்ற பொருளிலிருந்து உயிர்கள் தாமாகவே பிறக்கின்றன என்று மக்கள் நம்பினார்கள். அழுகிய இறைச்சியில் புழு பிறக்கிறது, சேற்றில் தவளை பிறக்கிறது என்று படித்தவர்களே சொன்னார்கள்.

1668-ல் இத்தாலிய நாட்டு ரெடி என்பவர் இறைச்சி ஜாடிகளைத் துணியால் மூடி வைத்தார். ஈ உட்காரவில்லை. புழுவும் வரவில்லை! ஈ இட்ட முட்டையே புழுவாகிறது என்று அவர் காட்டினார்.

ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தாமாகப் பிறக்கலாமே என்ற வாதம் நீடித்தது. சுமார் 1860-ல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் அதையும் முறியடித்தார். அன்னப்பறவையின் கழுத்துப்போல் வளைந்த குழாய் உள்ள குடுவையில் சூப்பைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகலாம். தூசியும் கிருமியும் வளைவில் தங்கிவிடும். சூப் கெடவே இல்லை. கழுத்தை உடைத்ததும் கெட்டுவிட்டது!

உயிரிலிருந்தே உயிர் வரும். இதுதான் பாஸ்டர் நாட்டிய உண்மை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் பிறந்தது. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தாய் வேண்டும் என்றால், முதல் உயிருக்கு யார் தாய்? பூமியோ ஆதியில் நெருப்புக் கோளமாகக் கொதித்த ஒன்று. அதில் எந்த உயிரும் இருந்திருக்க முடியாது. பாஸ்டர் மூடிய கதவை எப்படித் திறப்பது?

சில பக்கக் கட்டுரை

1929-ம் ஆண்டு ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதினார். அது விஞ்ஞானிகளுக்கான பத்திரிகையில் வரவில்லை. பொது மக்கள் படிக்கும் ஓர் ஆண்டு மலரில் வந்தது. சில பக்கங்கள்தான். அதன் பொருள் உயிரின் தோற்றம்.

ஆதி பூமியின் காற்று இன்றைய காற்று அல்ல என்று அவர் தொடங்கினார். நாம் சுவாசிக்கும் பிராண வாயு அதில் இல்லை. அல்லது மிகக் குறைவு. பிராண வாயுவைக் கொடுப்பது பச்சைத் தாவரம். தாவரமே இல்லாதபோது பிராண வாயு ஏது? கரியமில வாயு, அமோனியா, நீராவி இவையே அன்று இருந்தன என்று ஹால்டேன் கருதினார்.

பிராண வாயு இல்லை என்றால் ஓசோன் படலமும் இல்லை. இன்று சூரியனின் புற ஊதாக் கதிர்களை அந்தப் படலம் தடுக்கிறது. அன்று தடுப்பு இல்லை. அந்தக் கதிர்கள் நேரே கடலில் பாய்ந்தன.

நீர், கரியமில வாயு, அமோனியா மூன்றின் மீதும் புற ஊதாக் கதிர் பட்டால் என்ன ஆகும்? சர்க்கரை போன்ற பொருள்களும், புரதத்துக்கு மூலமான பொருள்களும் உண்டாகலாம். லிவர்பூல் நகர ரசாயன அறிஞர்கள் அப்படிச் சில பொருள்கள் கிடைத்ததாக அறிவித்திருந்தார்கள். அதை ஹால்டேன் எடுத்துக்கொண்டார்.

இன்று அப்படி ஏதாவது உண்டானால் நிலைக்காது. கிருமிகள் தின்றுவிடும். காலையில் வைத்த குழம்பு மாலையில் கெடுவதும் கிருமியால்தான். ஆனால் ஆதியில் தின்பதற்கு யாரும் இல்லையே! ஆகவே அந்தப் பொருள்கள் கடலில் சேர்ந்துகொண்டே இருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளில் கடல் முழுவதும் சூடான, நீர்த்த சூப்பாக மாறியது. இதுவே ஹால்டேன் தீட்டிய சித்திரம்.

பாதி உயிர்

அந்தச் சூப்பில் சிறு பொருள்கள் ஒன்றுடன் ஒன்று சேர்ந்து பெரியவை ஆயின. அவற்றுள் சில, தம்மைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும் சக்தி பெற்றன. உணவுக்குப் பஞ்சம் இல்லை. சுற்றிலும் சூப்!

இவை உயிரா, உயிர் இல்லையா? இரண்டுக்கும் நடுவே நின்றவை என்று ஹால்டேன் கருதினார். அதற்கு உதாரணமும் காட்டினார். பாக்டீரியாவுக்குள் புகுந்து அதை அழிக்கும் வைரஸ் ஒன்றைப் பிரெஞ்சு விஞ்ஞானி டெரெல் 1917-ல் அறிவித்திருந்தார். அது தனியே இருக்கும்போது வெறும் பொருள். பாக்டீரியாவுக்குள் போனால் நூற்றுக்கணக்கில் பெருகும்! இப்படிப் பாதி உயிரான ஒன்று இன்றும் இருக்கும்போது, ஆதியில் ஏன் இருந்திருக்கக் கூடாது?

பிறகு எண்ணெய்ப் படலம் ஒன்று அந்தப் பொருள்களைச் சூழ்ந்தது. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுபோன்ற மெல்லிய படலம் ஒரு பையாகி, உள்ளே இருந்ததைக் காத்தது. இதுதான் முதல் உயிரணு.

பிராண வாயு இல்லாமல் அது எப்படி வாழ்ந்தது? இட்லி மாவு புளிக்கிறதே, அதுபோலத்தான். மாவைப் புளிக்க வைக்கும் கிருமிகளுக்குப் பிராண வாயு தேவை இல்லை. சர்க்கரையை உடைத்தே சக்தி பெறுகின்றன. முதல் உயிர்களும் அப்படியே வாழ்ந்தன என்றார் ஹால்டேன்.

பாஸ்டர் சொன்னது பொய்யாகவில்லை. இன்றைய பூமியில் உயிர் தாமாகப் பிறக்காது. பிறக்க முயன்றால் இன்றைய கிருமிகளும் பிராண வாயுவும் விடமாட்டா. ஆனால் அன்றைய பூமி வேறு! கதவு திறந்தது.

மாஸ்கோவில் ஒருவர்

இதில் ஒரு வியப்பு உண்டு. ஹால்டேனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1924-ல், ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் ஒபாரின் மாஸ்கோவில் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டிருந்தார். அதிலும் ஏறக்குறைய இதே கருத்து இருந்தது!

புத்தகம் ரஷ்ய மொழியில் இருந்ததால் மேல் நாடுகளில் யாரும் அறியவில்லை. ஹால்டேனும் அறியவில்லை. ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள்.

அந்நாளில் பலர் இந்தக் கருத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்ததை யாரால் நிரூபிக்க முடியும்? ஹால்டேனும் தாம் சொல்வது ஊகம்தான் என்பதை மறைக்கவில்லை. சோதனைக்கூடத்தில் செய்து பார்க்கும் வரை அது ஊகமாகவே இருக்கும் என்பது அவர் கருத்து.

கடலடியில் 99 பேர்

ஹால்டேன் ஓரிடத்தில் நிற்பவர் அல்ல. 1933-ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். பரம்பரைக் குணங்கள் தலைமுறைதோறும் எப்படிப் பரவுகின்றன என்பதற்குக் கணக்கு வகுத்தார். டார்வின் கொள்கைக்கு இந்தக் கணக்கு பெரிய பலம் சேர்த்தது.

1939-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி தெட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே மூழ்கியது. அதில் இருந்த 103 பேரில் 4 பேரே தப்பினார்கள். 99 பேர் மாண்டார்கள். மூடிய கப்பலுக்குள் கரியமில வாயு பெருகியதே பெரும் எமனாயிற்று.

அந்த மனிதர்கள் கடைசி நேரத்தில் என்ன பாடுபட்டிருப்பார்கள்? அடுத்தவரைக் காப்பாற்ற என்ன வழி? ஹால்டேன் சில நண்பர்களுடன் மூடிய இரும்பு அறைக்குள் புகுந்து, கரியமில வாயுவைச் சுவாசித்துக்கொண்டு உட்கார்ந்தார். உலக யுத்தத்தின்போது கடற்படைக்காகக் காற்றழுத்தச் சோதனைகளும் செய்தார். செவிப்பறை கிழிந்தது. வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. அவர் விடவில்லை!

தொழிலாளர் பத்திரிகை ஒன்றில் விஞ்ஞானம் பற்றி 300-க்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். அரசியலில் அவர் கம்யூனிஸ்டு. பிற்காலத்தில் கட்சியை விட்டு விலகினார். குழந்தைகளுக்காக ஒரு மந்திரவாதியின் கதையும் எழுதியிருக்கிறார்.

குடுவைக்குள் மின்னல்

1953-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. செய்தவர் ஸ்டான்லி மில்லர் என்ற 23 வயது மாணவர்.

அவருடைய பேராசிரியர் ஹெரால்டு யூரே, நோபல் பரிசு பெற்றவர். இந்தச் சோதனையில் ஒன்றும் கிடைக்காமல் மாணவரின் காலம் வீணாகுமோ என்று முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார்.

மில்லர் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கினார். அதுதான் ஆதிக் கடல். மேல் குடுவையில் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன் வாயுக்களை நிரப்பினார். அதுதான் ஆதிக் காற்று. அதில் மின்சாரப் பொறி பறக்கவிட்டார். அதுதான் மின்னல்!

தண்ணீர் முதலில் இளஞ்சிவப்பாயிற்று. ஒரு வாரத்தில் நிறம் அடர்ந்தது. சோதித்துப் பார்த்தால் உள்ளே அமினோ அமிலங்கள்! நம் தசைக்கும் ரத்தத்துக்கும் அடிப்படையான புரதம் இவற்றால் ஆனதே.

கட்டுரையில் தம் பெயரைப் போட வேண்டாம் என்று யூரே சொல்லிவிட்டார். பெயர் முழுவதும் மாணவருக்கே சேர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

உயிர் உண்டாகிவிடவில்லை. உயிருக்கு வேண்டிய செங்கல் உண்டாயிற்று. செங்கல் வேறு, வீடு வேறு. ஆனால் செங்கல் தாமாகவே உண்டாகும் என்பதை உலகம் கண்ணால் கண்டது. 1929-ல் எழுதியது வெறும் கற்பனை அல்ல என்று ஆயிற்று.

இந்தியா அழைத்தது

1956-ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்ப் பிரச்னையில் எகிப்து மீது படையெடுத்தது. ஹால்டேன் வெகுண்டார். 1957-ல் நாட்டை விட்டே வெளியேறி, மனைவி ஹெலனுடன் கல்கத்தா வந்து சேர்ந்தார். பேராசிரியர் மகலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை ஏற்றார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

ஏழை நாட்டில் விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று இளம் விஞ்ஞானிகள் ஏங்கினார்கள். கண்ணும் நோட்டுப் புத்தகமும் போதும் என்று ஹால்டேன் காட்டினார். பவழமல்லிப் பூவுக்கு எத்தனை இதழ்? தென்னை மரத்தில் ஓலைகள் இடப்புறம் சுற்றுகின்றனவா, வலப்புறமா? எண்ணிப் பார்க்கச் சொன்னார். அந்த எண்ணிக்கைகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளாக வெளிவந்தன!

1962-ல் புவனேஸ்வரம் சென்று, ஒரிசா அரசாங்கத்தின் ஆதரவில் புதிய சோதனைக்கூடத்துக்குத் தலைவரானார்.

இருவரும் சந்தித்தார்கள்

1963 அக்டோபரில், உயிரின் தோற்றம் பற்றி அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில் மாநாடு கூடியது. மாஸ்கோவிலிருந்து ஒபாரின் வந்தார். புவனேஸ்வரத்திலிருந்து ஹால்டேன் வந்தார். இருவரும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தார்கள். இருவருக்கும் வயது எழுபதை ஒட்டி இருந்தது.

முதலில் சொன்னவர் யார்? விஞ்ஞான உலகில் இதற்காக நடந்த சண்டைகள் ஏராளம். ஆனால் ஹால்டேன் சபையில் எழுந்து, முதலிடம் ஒபாரினுக்கே உரியது என்று மனதாரச் சொன்னார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

அந்த மாநாட்டில் இன்னொரு கருத்தையும் முன்வைத்தார். முதல் உயிர் ஆர்.என்.ஏ. என்ற பொருளால் ஆன ஒரே ஒரு மரபணுவுடன் இருந்திருக்கலாம் என்பதே அது. ஆர்.என்.ஏ. தானே என்சைம் போல வேலை செய்யும் என்பது 1982-ல் தெரிந்தது. இன்று பல விஞ்ஞானிகள் அந்தத் திசையில்தான் தேடுகிறார்கள்.

சாவிலும் சிரிப்பு

அந்தப் பயணத்தின்போதே உடல்நலம் கெட்டது. புற்றுநோய்! 1964 தொடக்கத்தில் லண்டனில் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, தம் நோயைக் கேலி செய்து ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதினார். அறிகுறி தெரிந்ததும் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள் என்று மக்களுக்குச் சொல்வதே அதன் நோக்கம். பி.பி.சி.யில் தம் இரங்கல் உரையைத் தாமே பேசிப் பதிவும் செய்தார்!

1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேஸ்வரத்தில் ஹால்டேன் காலமானார். வயது 72. அவர் விருப்பப்படி, உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. வாழ்நாள் முழுவதும் சோதனைப் பொருளாக இருந்த உடல், மாணவர்களுக்குப் பாடம் ஆயிற்று.

தேடல் தொடர்கிறது

அவருக்குப் பிறகு கிடைத்த செய்திகள் பல. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. மில்லர் மூடி வைத்திருந்த பழைய குப்பிகளை, அவர் மறைந்தபின் 2008-ல் புதிய கருவிகளால் சோதித்தார்கள். ஒரு சோதனையின் குப்பிகளில் 22 அமினோ அமிலங்கள் தென்பட்டன! பென்னு என்ற சிறு கோளிலிருந்து 2023-ல் கொண்டுவந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள்.

மாறிய கருத்துகளும் உண்டு. ஆதிக் காற்றில் மீத்தேனும் அமோனியாவும் நிறைய இருந்திருக்காது. கரியமில வாயுவும் நைட்ரஜனுமே மிகுதி என்று இப்போது பலர் கருதுகிறார்கள். உயிர் பிறந்த இடம் கடலடி வெந்நீர் ஊற்றா, நிலத்துக் குட்டையா என்ற விவாதமும் ஓயவில்லை.

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உயிர் இருந்ததற்குப் பாறைகளில் சான்று உண்டு. இடையில் எங்கோ ஓரிடத்தில் செங்கல் வீடாயிற்று. அது எப்படி என்பதை இன்றுவரை எந்தச் சோதனைக்கூடமும் செய்து காட்டவில்லை.

ஆனால் கேட்கவே கூடாத கேள்வி என்று ஒதுக்கப்பட்டதை, குடுவையில் வைத்துச் சோதிக்கும் கேள்வியாக மாற்றியவர்களில் ஹால்டேன் ஒருவர். விடையைக் கண்டுபிடிப்பவர் இன்று ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம்!